குழுத்தேர்வும் நடுவுநிலையும்

விளையாட்டு உடலுக்கு உரந் தருவதோடு உள்ளத்திற்கும் ஒழுங்கு தருவதென்பர். அவ்வொழுங்கு ஆடுகளத்தில் தொடங்குவதன்று. பதினொருவர் பெயரை ஒரு தாளில் எழுதும்போதே தொடங்குகின்றது. உதைபந்தாயினும் கிரிக்கெட்டாயினும், எழுதுங்கை ஒருபாற் கோடுமாயின் குழு சிறவாது. இவ்வுண்மையை நம் நாட்டு விளையாட்டு வரலாறு கொண்டே ஆராய்வாம்.

1932ஆம் ஆண்டில் இந்தியக் கிரிக்கெட்டுக் குழு இங்கிலாந்திற்குச் சென்றது. தலைமை பூண்டவர் போர்பந்தர் மகாராஜா. செல்வமும் சிறப்பும் தமக்கு அப்பதவியை அளித்தன என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா ஆடிய முதல் டெஸ்டுப் பந்தயத்தில் தாம் விலகி நின்று, ஆற்றல் மிக்க சி. கே. நாயுடுவிடம் தலைமையை ஒப்புவித்தார். தன் அளவறிந்து ஒதுங்கிய அப்பெருந்தன்மை, நூறு ஓட்டம் எடுத்தலினும் அரிய செயலென்க.

1936ஆம் ஆண்டில் நிகழ்ந்ததோ இதற்கு மாறானது. அவ்வாண்டுத் தலைவர் விஜயநகரம் மகாராஜ்குமார். மூன்று டெஸ்டுப் பந்தயங்களிலும் ஆடி, ஆறு முறை மட்டை பிடித்து, அவர் எடுத்த ஓட்டங்கள் 33. 1933இல் பம்பாயில், டெஸ்டுப் பந்தயத்தில் நூறு எடுத்த முதல் இந்தியராகிய லாலா அமர்நாத்தோ, தலைவரோடும் மானேஜரோடும் பிணக்குற்று, முதல் டெஸ்டுக்கு முன்னரே தாயகம் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்றனுள் இரண்டில் இந்தியா தோல்வியுற்றது. பின்னர் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி போமாண்டு தலைமையில் அமைந்த குழு, 1937இல் வெளியிட்ட அறிக்கையில் மகாராஜ்குமாரின் தலைமையைக் குறை கூறிற்று. அமர்நாத் 1947இல் ஆஸ்திரேலியா சென்ற இந்தியக் குழுவிற்குத் தலைவரானார்.

அதே 1936இல் நம் சென்னை வீரர் எம். ஜே. கோபாலனுக்கு இரு வாயில்கள் திறந்திருந்தன: ஒன்று பெர்லின் ஒலிம்பிக்கு ஹாக்கிக் குழு, மற்றொன்று இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட்டுக் குழு. அவர் கிரிக்கெட்டைத் தெரிந்தார். ஹாக்கிக் குழு பொற்பதக்கத்துடன் மீண்டது; அவருக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்டிலேனும் இடம் கிட்டவில்லை. இது பட்சபாதமன்றித் திறமை பற்றிய தீர்ப்பாகவும் இருத்தல் கூடும். எனினும், தேர்வோர் இடும் ஒரு கோடு ஒருவனது இளமை முழுவதையும் அளக்க வல்லது என்பது இதனாற் புலனாம்.

பட்சபாதம் மூவகைத்து. உறவு பற்றி வருவது ஒன்று. பயன் கருதி வருவது ஒன்று. பழக்கம் பற்றி வருவது ஒன்று. முன்னிரண்டும் எளிதில் வெளிப்படும். மூன்றாவதோ நல்லாரிடத்தும் மறைந்துறையும். சென்ற ஆண்டு ஆடியவன் என்பதற்காகவே இவ்வாண்டும் ஒருவனைச் சேர்க்கும் பயிற்சியாளர், தாம் நீதி வழுவியதாக எண்ணார். புறத்தே நிற்கும் புதியவனோ, எத்துணை முயன்றும் பயனில்லை என்று கருதிப் பயிற்சியையே கைவிடுவான். சேர்க்கப்பட்டவனும் முயற்சி குன்றுவான். ஒரு பிழையால் இருவர் கெடுகின்றனர்.

நம் முன்னோர் இந்நோயை அறிந்திருந்தனர். அன்பொன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அறிவிலாரைத் தெளிதல் பேதைமை என்று திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தில் உரைத்தார். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (919, 921), கணக்குக் காட்டாதவரோடு அவர்தம் உறவினரையும் வாரியப் பொறுப்பினின்று விலக்கின. ஓலையைப் பலர் காணக் குடத்தினின்று எடுப்பித்தன. ஆட்டக்காரரைக் குடவோலையால் தேர்தல் இயலாது. ஆயின் உறவை விலக்குதலும் வெளிப்படையாய்ச் செய்தலும் இன்றும் கொள்ளத் தக்கனவே. திருமறையிலும், ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தைக் கண்டு சாமுவேல் தீர்க்கதரிசி மயங்கினார். ஆடு மேய்த்திருந்த தாவீதை அழைக்க ஒருவரும் எண்ணவில்லை. தீர்க்கதரிசியே மயங்குவாராயின் நாம் எம்மாத்திரம்?

அரும்பாவூர்ச் சிற்பியர், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத் தொழிலினர். மரம் தம் தோட்டத்தது என்பதற்காக அவர் அதிற் சுவாமி உருவைச் செதுக்கத் துணியார். வெடிப்பும் முடிச்சும் பார்த்தே உளி எடுப்பர். மரத்துக்குக் காட்டும் நீதியை மனிதனுக்கும் காட்டுதல் அரிதோ?

ஆதலின் கல்லூரிக் குழுத்தேர்வில் பின்வருவன வேண்டப்படும். தேர்வின் அளவைகளை முன்னரே அறிவித்தல். பழையோரையும் புதியோரையும் கலந்து இரு குழுவாக்கி ஆடவிட்டுக் காணுதல். ஒருவரன்றி மூவர் கூடித் தெரிதல். உறவுடையார் அப்பொழுதிற்கு விலகி நிற்றல். விடுபட்டவனைத் தனியே அழைத்துக் காரணங் கூறுதல். மாணவரும் ஒன்றுணர்தல் வேண்டும். ஐந்து முன்னணி வீரர் சிறந்திருப்பினும் காவல் நிற்பானும் இன்றியமையாதவன். ஆகவே, நாம் விரும்பியவன் விடுபட்டமை ஒன்றே ஓரவஞ்சனைக்குச் சான்றாகாது.

இன்று பதினொருவரைத் தெரிவோரே நாளை அலுவலகத்திலும் பள்ளியிலும் திருச்சபையிலும் ஆட்களைத் தெரிவோராவர். அன்று ஒரு கையெழுத்து ஒரு குடும்பத்தின் உணவைத் தீர்மானிக்கும். அதற்குரிய நடுவுநிலையை இம்மைதானத்திலேயே பயிலுவோமாக.