நயாகராத் தோட்டம் பார்க்கப் புறப்படும் பிள்ளைகளுக்கு

கனடாவில், ஸ்காபரோவில் சித்தப்பா வீடு இருக்கிறது, அங்கே தங்கிக்கொண்டு நயாகரா வைன் தோட்டங்களைப் பார்த்துவிட்டு வருவோம் என்று இப்போது பலர் புறப்படுகிறீர்கள். நல்ல யோசனை. போகுமுன் இவற்றைக் கேளுங்கள்.

1. டிக்கெட் போடுவதற்கு முன்பே வீட்டாரிடம் திகதியைக் கேளுங்கள். அங்கே கணவனுக்கு இரவு வேலை, மனைவிக்குப் பகல் வேலை என்று ஓடும் வீடுகள் நிறைய. எத்தனை இரவு தங்குவீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். “வந்து பார்ப்போம்” என்பது பதில் அல்ல.

2. வைன் பார்க்கத்தான் வருகிறோம் என்பதை ஒளிக்க வேண்டாம். குடியே ஆகாத வீடாக இருக்கலாம். ஆகுமென்றாலும் மாமிக்கு முன்னால் பேசாத வீடாக இருக்கலாம். நயாகராவில் திராட்சை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் மும்முரமாக இருக்கும். நம் வீடுகளில் அது புரட்டாதிச் சனி, நவராத்திரி, சில ஆண்டுகளில் கந்தசஷ்டியும் தொடங்கிவிடும் காலம். விரத வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் போத்தலை வைத்துவிட்டு விளக்கம் சொல்லாதீர்கள். எங்கே வைக்கலாம் என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

3. இதை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். வீட்டுப் பிள்ளையைச் சாரதியாக்காதீர்கள். ஸ்காபரோவிலிருந்து நயாகரா-ஒன்-த-லேக் சுமார் 140 கிலோமீட்டர். வார இறுதியில் நெடுஞ்சாலை நெரிசலும் சேர்ந்தால் அவனுடைய ஒரே ஓய்வு நாள் முழுக்கப் போய்விடும். நீங்கள் சுவைத்துக்கொண்டிருக்க அவன் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்பான். மரியாதைக்காக ஒரு வார்த்தை சொல்லமாட்டான். அவனும் ஒரு வாய் குடித்தால் நிலைமை இன்னும் மோசம். கனடாவில் 2018 டிசம்பரிலிருந்து, சந்தேகமே இல்லாவிட்டாலும் மறித்த சாரதியைப் பொலிஸ் ஊதச் சொல்லலாம். இரத்தத்தில் மது 0.08 சதவீதம் என்றால் குற்ற வழக்கு. ஒன்ராறியோவில் 0.05 தொட்டாலே உரிமத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவைப்பார்கள். 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கும், புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கும் ஒரு துளிகூடக் கூடாது. அங்கே உரிமம் போனால் வேலையும் ஆட்டம் காணும். ஆகவே யூனியன் நிலையத்தில் ‘கோ’ ரயில் பிடித்து நயாகரா அருவி வரை போங்கள். அங்கிருந்து சுற்றுலா வாகனம் எடுங்கள். ஓர் இரவு அங்கேயே தங்கினால் இன்னும் நல்லது. வீட்டாருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

4. ஒரு நாளைக்கு மூன்று தோட்டம் போதும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சுவைத்ததைத் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது அங்கே அவமரியாதை அல்ல. ஒன்ராறியோவில் குடிக்கும் வயது 19, அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

5. ஐஸ் வைனைத் தவறவிடாதீர்கள். மற்ற வைன்களுக்கு உலகில் எத்தனையோ ஊர் உண்டு. இது இந்த மண்ணின் பெருமை. பழத்தைக் கொடியிலேயே விட்டுவைத்து, குளிர் -8 பாகைக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிய பிறகுதான் பறிக்கலாம் என்பது அங்கே சட்டம். நம் ஊரில் திருவெம்பாவை பாடும் மார்கழி இரவுகளில், அங்கே கையுறை போட்டுக்கொண்டு கல்லாய் உறைந்த குலைகளைப் பறித்துக்கொண்டிருப்பார்கள். பிழியும்போது நீர் பனிக்கட்டியாகத் தங்கிவிட, இனிப்புச் சாறு மட்டும் சொட்டும். வழக்கமான சாற்றில் ஐந்திலொரு பங்குகூடச் சில வேளை தேறாது; சின்னப் போத்தலுக்கு அவ்வளவு விலை ஏன் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். இனிஸ்கிலின் நிறுவனத்தின் 1989 விடால் ஐஸ் வைன் 1991இல் பிரான்ஸின் வினெக்ஸ்போவில் பெரிய விருது வாங்கிய பிறகுதான் உலகம் நயாகராவைத் திரும்பிப் பார்த்தது. குளிரக் குளிர, சிறிய கிண்ணத்தில், மெதுவாகக் குடியுங்கள்.

6. வீட்டுப் பெரியவர்களையும் ஒரு நாள் அழைத்துப் போங்கள். கோப்பாயிலோ உரும்பிராயிலோ முந்திரிகைப் பந்தல் போட்டுப் பழகிய ஒரு ஐயா, அங்கே கொடிகளைக் கம்பியில் வரிசையாக இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்தால் ஒரு மணி நேரம் பேசுவார். அவ்வளவு குளிர் நாட்டில் கொடி எப்படித் தப்புகிறது என்று கேட்பார். ஒன்ராறியோ ஏரி கோடை வெப்பத்தைப் பிடித்துவைத்து மெல்ல விடுகிறது என்று சொல்லுங்கள். ஓகஸ்டில் போனால் வழியோரக் கடைகளில் பீச் பழம் குவிந்திருக்கும். மாமிக்கு அதுவே போதும். இப்படி ஒரு நாள் கழித்தால் நீங்கள் வந்தது தோட்டத்துக்கு மட்டுமல்ல, தங்களுக்காகவும்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

7. மருத்துவக் காப்புறுதி இல்லாமல் ஏறாதீர்கள். வருகையாளருக்கு அங்கே இலவச வைத்தியம் கிடையாது; விழுந்து எலும்பு முறிந்தால் கட்டணம் சித்தப்பாவின் தலையில் விழும்.

8. தங்குவதற்குப் பணம் நீட்டினால் மனம் நோவார்கள். கேட்காமல் மரக்கறியும் மீனும் வாங்கி வந்து சமையலறையில் வையுங்கள், கார் ஓடியிருந்தால் பெற்றோலை நீங்களே நிரப்புங்கள், ஒரு நாள் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். சமைத்த பாத்திரங்களையும் நீங்களே கழுவி வையுங்கள்.