தண்டவாளம் இல்லாத மூன்று ஸ்டேஷன்கள்

தேனி மாவட்டத்தில், போடிக்கு மேலே இருக்கும் குரங்கணியில் பேருந்தை விட்டு இறங்கி, தலையில் மூட்டையோடு மலையேறுகிறவர் யாரிடமாவது எங்கே போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். “சென்ட்ரலுக்கு” என்பார். காபியும் மிளகும் விளையும் சரிவில் இருக்கும் சின்னக் குடியிருப்பு அது. முழுப்பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். அதற்கும் மேலே, சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் டாப் ஸ்டேஷன். அடிவாரத்தில் கொட்டகுடிப் பக்கத்துக்கு ஒரு காலத்தில் பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர். மூன்றிலும் இன்று ரயிலும் கிடையாது, ரோப்வேயும் கிடையாது. பெயர் மட்டும் நிற்கிறது. அந்தப் பெயர்களைத் தேடிப் போகிறவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி.

அமெரிக்காவின் டூசான் பாலைவனத்தில் ஓய்வுபெற்ற போர் விமானங்கள் வரிசை வரிசையாக நிற்கும் படங்களைப் பார்த்து மனம் கனத்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அங்கே காற்றில் ஈரம் குறைவு, மண்ணும் இறுகிக் கிடக்கிறது. அதனால் இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்திலிருந்தே விமானங்களை வெட்டவெளியில் நிறுத்தி வைக்கிறார்கள். நம் மலையில் அது நடக்காது. மழையும் மூடுபனியும் இரும்பைத் தின்றுவிடும். மிச்சத்தைக் காடு மூடிவிடும். ஆகவே கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். இல்லாவிட்டால் டாப் ஸ்டேஷனில் நல்ல காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள்.

தேயிலை கொண்டுவர மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் பாரத்தைத் தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்கள் தாங்கும். வண்டி சாயாமல் பக்கத்தில் பெரிய சக்கரம் ஒன்று தரையில் உருளும். இழுத்தவை காளைகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை அமைத்து ரயில் விட்டார்கள். அதுதான் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். தேயிலை டாப் ஸ்டேஷனில் இறங்கி, ரோப்வேயில் சுமார் 5 கிலோமீட்டர் தொங்கியபடி கொட்டகுடிக்கு வரும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி, பிறகு கப்பலேறி இங்கிலாந்து.

1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்கிறார்கள். பாதையைத் திரும்பப் போடவே இல்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல். மலைமேல் ரயில் ஓடியபோது போடியில் ரயில் இல்லை. போடிக்கு ரயில் வந்தபோது மலையில் இல்லை. நான்கே ஆண்டு இடைவெளி. எனக்கு இது ஆறாத வருத்தம்.

பயணத்தைப் போடி ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். இந்தப் பாதையும் அடிபட்டு மீண்டதுதான். உலகப்போர் நடுவே 1942-இல் மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதைக்காக 2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயில் நின்றது. 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. மதுரையிலிருந்து தினமும் ரயில் உண்டு. சென்னை சென்ட்ரலிலிருந்து வாரம் மூன்று நாள்.

போடியிலிருந்து குரங்கணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். பேருந்து குறைவு, திரும்பும் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குரங்கணிக்கு மேலே வனத்துறை அனுமதி இல்லாமல் ஓரடிகூட வைக்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று இந்த மலையில் பிடித்த காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. மீட்புக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. புல் காயும் பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை இந்தப் பக்கம் மலையேற நினைக்கவே வேண்டாம்.

டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக கேரளம் வழியாகச் சுற்றவேண்டும்: போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள், பூப்பாறை, மூணாறு, அங்கிருந்து 32 கிலோமீட்டர். மூணாறில் ஒரு நாள் தங்குங்கள். நல்லதண்ணி எஸ்டேட் தேயிலை அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். என் கணக்கில் இந்தப் பயணத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. குண்டளை ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். எத்தனை தேயிலைப் பெட்டிகளை நம் பக்கம் கொண்டுவந்த சக்கரம்! அங்கேயே 1913-இல் நம் நாசரேத் தொழிற்பள்ளியில் செய்த கருங்கல் சூரியக் கடிகாரமும் இருக்கிறது.

காளை இழுத்த அந்த ஒற்றைத் தண்டவாள முறையைக் கண்ணால் பார்க்க டெல்லிக்குத்தான் போகவேண்டும். அதே முறையில் பஞ்சாபின் பாட்டியாலாவில் ஓடிய எஞ்சின் ஒன்று, 1927-இல் சேவை நின்றபின் பல காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1962-இல் ஒரு ரயில் ஆர்வலர் கண்ணில் பட்டது. இன்று தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குண்டளைக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

டாப் ஸ்டேஷனுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பனிமூட்டம் ஏறிவிட்டால் கீழே ஒன்றும் தெரியாது. டிசம்பர், ஜனவரி உகந்தவை. தெளிவான நாளில் ரோப்வே இறங்கிய சரிவு முழுக்கக் கண்முன் விரியும். பழைய கட்டுமானத்தின் எச்சங்களைக் கண்டால் படம் எடுங்கள். கல்லையோ இரும்புத் துண்டையோ மட்டும் நினைவுக்கு என்று பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.