முதியோர் உதவித்தொகை: அறிய வேண்டியவை



மாதந்தோறும் முதியோர் உதவித்தொகையை நம்பியிருக்கும் குடும்பங்கள் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அநேகம். பணம் வரும் வழி மாறியதால் பெரியவர்கள் அலைகிறார்கள். அலைந்த கோபத்தில் எதிரே இருக்கும் சிப்பந்தியை ஏசுகிறார்கள். ஆகவே இவ்வாரம் சில விளக்கங்கள்.

எப்போது தொடங்கியது?
காமராஜர் முதலமைச்சராயிருந்தபோது, 1962 ஏப்ரல் 1-ல், மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 1995-ல் மத்திய அரசும் முதியோர் ஓய்வூதியத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நம் மாநிலத்தில் தொகை 2011-ல் 1,000 ரூபாயாகவும், 2023-ல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது.

முன்பு எப்படி வந்தது?
மணியார்டராக, வீட்டுத் திண்ணைக்கே வந்தது. தபால்காரருக்கு ஆளைத் தெரியும். கைநாட்டு வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுப்பார். சில இடங்களில் அதில் ஐந்தோ பத்தோ குறைவதும் உண்டு.

பிறகு என்ன மாறியது?
பணம் வங்கிக் கணக்குக்குப் போயிற்று. கிராமத்தில் வங்கியின் பிரதிநிதி கை இயந்திரத்தில் ரேகை பார்த்துக் கொடுக்கிறார். ஆனால் களை வெட்டியும் கல் உடைத்தும் தேய்ந்த விரலை இயந்திரம் சில வேளை ஏற்பதில்லை. எந்த உழைப்பு அவரை முதுமையடையச் செய்ததோ, அதுவே அவர் ஆளை மறைத்துவிடுகிறது.

சிப்பந்தி என்ன செய்வார்?
பிரதிநிதி கமிஷனுக்கு வேலை செய்பவர். ரேகை விழாமல் கொடுத்தால் அது அவர் கைப்பணமே. கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பவர். உத்தரவிடுபவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். ஆகையால் நின்றுபோன தொகைக்காகப் பிரதிநிதியோடு சண்டையிடுவது வீண். அவரும் பெரியவர்களைப் பிச்சை கேட்பவர்போல் நடத்தலாகாது. அது அவர்களுக்குச் சேர வேண்டிய பணம்.

நாம் செய்ய வேண்டியது:
1. ரேகை விழாவிட்டால் மற்ற விரல்களையும் வைத்துப் பாருங்கள். முடியாவிட்டால் பாஸ்புத்தகத்துடன் கணக்குள்ள வங்கிக் கிளைக்கே செல்லுங்கள். ஆதார் மையத்தில் ரேகையைப் புதிதாகப் பதியலாம்.
2. பாஸ்புத்தகத்தில் வரவே இல்லையென்றால், தனி வட்டாட்சியரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையேல், கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம்.
3. பணம் எடுத்ததும் ரசீதை வாங்குங்கள். எவருக்கும் கழிவு தரவேண்டாம்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை: பாட்டியைத் தனியே அனுப்பாதீர்கள். கூடப்போய் ரசீதை வாசித்துச் சொல்லுங்கள். நான்காம் கற்பனையை அனுசரிக்க இது நல்ல வழி.