முடிச்சுப் போட்டால் குணம் வருமா?

கேள்வி: பள்ளியில் சாரணர் படையில் சேர வேண்டும் என்று மகன் அடம்பிடிக்கிறான். கயிற்றில் முடிச்சுப் போடுவதால் பொறுப்பு வந்துவிடுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முடிச்சு ஒரு சாக்குதான். 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்க நிறுவனர் பேடன் பவல் நடத்திய முதல் முகாமில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் ஒரே அணியில் கலந்திருந்தார்கள். அணித்தலைவனும் ஒரு சிறுவனே. இன்றும் அதுதான் உயிர்நாடி. ஆறேழு பேர் கொண்ட அணியில் ஒருவன் தண்ணீர் எடுத்துவர மறந்தால் சோறு வேகாது, பட்டினி எல்லோருக்கும். அந்தப் பாடத்தை எந்த நீதிபோதனை வகுப்பும் நடத்த முடியாது.

இந்தியச் சிறுவர்களுக்குத் தொடக்கத்தில் சாரணர் இயக்கத்தில் இடமில்லை. அதனால்தான் 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் தனிச் சாரணர் சங்கமே தொடங்கினார். 1950-இல் உருவானது இன்றைய பாரத சாரண சாரணியர் இயக்கம்.

ஆனால் சில பள்ளிகளில் சாரணர் என்றால் விழாவுக்கு வரும் பிரமுகருக்கு வரிசை கட்டி நிற்பவர்கள், அவ்வளவுதான். அதற்கு வெயிலில் காய வேண்டாம். சேர்க்கும் முன் சாரண ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: கடைசியாக எப்போது முகாம் போனீர்கள், அங்கே சமைத்தது யார்? “பிள்ளைகள்தான்” என்றால் தயங்காமல் அனுப்புங்கள்.