வாடகை வீடு தன் கடனைத் தானே சுமக்க வேண்டும்



1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி, தாராபுரம், மன்னார் நகரம் எங்கும் நமது வீடுகள் ஆளில்லாமல் போயின. 2009ல் யுத்தம் முடிந்த பின் சிலர் திரும்பினர். பலர் தொழிலும் பிள்ளைகளின் படிப்புமாகப் புத்தளத்திலேயே தங்கிவிட்டனர். ஆனால் வளவும் சுவரும் மன்னாரில் இருக்கின்றன. 2010ல் புதிய பாலம், 2015ல் தலைமன்னார் ரயில், 2020ல் தம்பபவனி காற்றாலை என்று வந்த பிறகு, "கடன் எடுத்துப் பழைய வீட்டைத் திருத்தி வாடகைக்கு விட்டால் என்ன?" என்று என் கடைக்குச் சீமெந்து வாங்க வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

விடலாம். ஆனால் அந்த வீடு தன் கடனைத் தானே சுமக்க வேண்டும். உங்கள் கடையின் கல்லாப்பெட்டி அதைச் சுமக்கக் கூடாது.

ஓர் உதாரணம் பாருங்கள். திருத்த வேலைக்கு 20 இலட்சம் ரூபா. 10 வருடத் தவணை. வட்டி 12 வீதம் என்றால் மாதத் தவணை சுமார் 28,700 ரூபா. வாடகை 35,000 ரூபா என்றால் மாதம் 6,300 மிச்சம் போலத் தெரியும். வருடத்தில் 10 மாத வாடகையை மட்டும் வரவாக எடுங்கள். ஆள் மாறும்போது வீடு சும்மா கிடக்கும். அப்போது மாதச் சராசரி சுமார் 29,000 தான். பெயின்ட், குழாய் வேலைக்கு எதுவும் மிஞ்சாது. அதே கடனுக்கு வட்டி 24 வீதம் என்றால் தவணை சுமார் 44,000 ரூபா.

இது வெறும் கற்பனை அல்ல. 2021 முடிவில் 8.6 வீதமாக இருந்த வங்கிகளின் முதன்மைக் கடன் வீதம் 2022 முடிவில் 27ஐத் தாண்டியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் தவணை ஏறியது. வாடகை அதே வேகத்தில் ஏறவில்லை.

நமக்கு வட்டி ஆகாது என்பது இருக்க, வியாபாரக் கணக்கிலும் மாற்று வழி பார்ப்பது நல்லது. 2005ம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் வழிவிட்ட பின், 2011ல் அமானா வங்கி தொடங்கியது. வேறு சில வங்கிகளிலும் இஸ்லாமியப் பிரிவு உண்டு. முராபஹாவில் வங்கி சீமெந்து, மரம், டைல்ஸ் ஆகியவற்றைத் தானே வாங்கி, இலாபம் சேர்த்துத் தவணைக்கு உங்களுக்கு விற்கும். பேசிய விலை பிறகு ஏறாது. ஆனால் மேசன் கூலி இதற்குள் வராது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். குறைந்து செல்லும் முஷாரகாவில் வங்கி வீட்டில் பங்காளியாகும். அதன் பங்குக்கு நீங்கள் வாடகை கொடுத்து, பங்கைச் சிறிது சிறிதாக வாங்குவீர்கள். அந்த வாடகை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும், உச்ச வரம்பு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வங்கியிடம் உண்மை சொல்லுங்கள். குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வேறு, வாடகை வீட்டுக்கான கடன் வேறு. அமெரிக்காவில் வீடு வாங்கவும் திருத்தவும் சேர்த்து ஒரே கடன் தரும் 203(கே) என்ற அரச உத்தரவாதத் திட்டம் உண்டு. முறைகேடுகள் வெளிவந்ததால் 1996ல் முதலீட்டாளர்களுக்கு அதை நிறுத்தினார்கள். "நானே குடியிருக்கப் போகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாடகைக்கு விடுவது பொய்யுமாகும், ஒப்பந்த மீறலுமாகும்.

கடைசியாக இரண்டு விடயம். உறுதியை எடுத்து, காணிப் பதிவகத்தில் வில்லங்கம் பாருங்கள். வாப்பா பெயரிலேயே காணி இருந்தால் முதலில் வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து பங்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையெழுத்து இல்லாவிட்டாலும் ஈடு வைக்க முடியாது. பிறகு, மதிப்பீடு போடுமுன் கொங்கிரீட்டைத் தட்டிப் பாருங்கள். கூரையில்லாமல் வருடக்கணக்கில் கடற்காற்றில் நின்ற வீட்டில் கம்பி உள்ளே துருப்பிடித்து வீங்கியிருக்கும். அதன்மேல் பூசிப் பெயின்ட் அடித்தால் போதாது. பீமையே மாற்ற வேண்டி வரும். வங்கி வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகத்தான் பணம் விடும். மதிப்பீடு பிழைத்தால் வேலை பாதியில் நிற்கும். வாடகை வராது, தவணை மட்டும் வரும்.

இந்தக் கணக்குகள் எல்லாம் சரியாக வந்தால் மட்டும் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள்.