காற்று அடித்தால் உடம்பு ஆறுமா?

“பைக் ஓடுகிறவரை காற்று அடிக்கும், காற்று அடித்தால் சூடு தெரியாது. டி-ஷர்ட் போதும். அந்த வெயிலில் ஜாக்கெட் போடுகிறவன் பைத்தியம்.” அமெரிக்காவில் யூட்டா, அரிசோனா பாலைவனப் பள்ளத்தாக்குகளைப் பைக்கில் சுற்றக் கிளம்பும் நம் பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் இதையே சொல்கிறார்கள். லாஸ் வேகஸில் வண்டியை வாடகைக்கு எடுத்து, ஸயான், பிரைஸ், மோவாப், மானுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன் என்று ஒரு சுற்று. அதுவும் ஜூலையில். எந்த ஊரில் எந்த அறை என்பதுவரை எக்செல் தாளில் இருக்கிறது. உடம்பு என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மருத்துவனாக எனக்குப் பொறுமை போய்விட்டது.

நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி செல்சியஸ். காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடம்பின் சூட்டை எடுத்துப்போகும். அதைவிடச் சூடாக இருந்தால் உடம்பில் சூட்டை ஏற்றும். இதில் விவாதிக்க ஒன்றுமே இல்லை. ஜூலையில் மோவாபில் சாதாரணப் பகலே 37, 38 டிகிரி. லாஸ் வேகஸில் 40-ஐத் தாண்டும். அப்போது நம்மிடம் மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். அருமையான ஏற்பாடு. ஆனால் வியர்வை சுரக்கும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் மோதும் வறண்ட காற்று அதை ஊறிய நொடியே உறிஞ்சிவிடும். அதற்குமேல் அடிக்கிற காற்றெல்லாம் சூட்டைத்தான் கொண்டுவரும்.

தோல் காய்ந்தே இருப்பதால் “எனக்கு வியர்க்கவே இல்லை” என்று பெருமை வேறு. முன்கையை நாக்கால் தொட்டுப் பாருங்கள், உப்புக் கரிக்கும். கருப்பு டி-ஷர்ட்டின் முதுகில் மாலையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பது, பகல் முழுதும் உங்களுக்கே தெரியாமல் போன உப்பு.

ஆகவே உடம்பை மூடுங்கள். காற்றைக் கொஞ்சமாக உள்ளே விடும் வெளிர்நிற ஜாக்கெட், அதற்குள் தண்ணீரில் நனைத்த பருத்திச் சட்டை. சட்டையிலுள்ள தண்ணீர் ஆவியாகும்போது உங்கள் வியர்வை மிச்சமாகும். பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம் சட்டையை மறுபடி நனையுங்கள். கீழே விழுந்தால் தோல் மிஞ்சுவதற்கும் அதே ஜாக்கெட்தான். யூட்டாவில் 21 வயது நிரம்பியவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை என்பதற்காகத் தலையைத் திறந்துபோட்டு ஓட்டுவதும் இதே அறியாமைதான்.

இந்த ஜாக்கெட் ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. 2024 ஜூலை 6 அன்று கலிபோர்னியாவின் டெத் வேலியில் ஆறு பேர் பைக்கில் போனார்கள். அன்று அங்கே 53 டிகிரி. ஒருவர் இறந்தார், ஒருவரை ஆபத்தான நிலையில் லாஸ் வேகஸ் கொண்டுபோனார்கள். ஹெலிகாப்டர் வரவில்லை, 49 டிகிரிக்கு மேல் அது பாதுகாப்பாகப் பறக்க முடியாது. அந்தச் சூட்டில் ஓட்டும்போது உடம்பு குளிராது, கனமான பாதுகாப்பு உடையும் சிரமத்தைக் கூட்டும் என்று பூங்கா நிர்வாகம் சொன்னது. உண்மை. அத்தகைய நாளில் டி-ஷர்ட்டும் உதவாது, ஜாக்கெட்டும் உதவாது. வண்டியை எடுக்கவே கூடாது.

“நான் சென்னை வெயிலில் வளர்ந்தவன்” என்பது அடுத்த கதை. வெயிலுக்குப் பழகிய உடம்பு, ஏசி அறையில் சில வாரம் உட்கார்ந்தாலே அந்தப் பழக்கத்தை இழந்துவிடும்.

பாலைவனம் என்றால் எங்கும் சூடு என்பதும் தவறு. யூட்டாவின் 12-ஆம் எண் சாலை போல்டர் மலையில் சுமார் 2,900 மீட்டர் உயரம்வரை ஏறுகிறது, நம் தொட்டபெட்டாவைவிட உயரம். மே மாதத்திலும் அங்கே பனி விழலாம்.

மேலே வானம் நீலமாக இருந்தால் வெள்ளம் வராது என்பார்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் பேஜ் ஊருக்கு அருகே, ஆன்டலோப் கேன்யனில் 11 பேர் வெள்ளத்தில் போனார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி.

வழியில் எங்காவது பங்க் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு, யூட்டாவின் 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவே சுமார் 170 கி.மீ. பெட்ரோலே கிடையாது என்பது போதுமான பதில்.

வெயிலில் மயங்குகிறவருக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஹீட் ஸ்ட்ரோக்கில் பாராசிட்டமால் வேலை செய்யாது. கூட வருகிறவர் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டாலோ, திரும்பிய பிறகும் இண்டிகேட்டரை அணைக்காமல் போய்க்கொண்டிருந்தாலோ உடனே வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 911-ஐ அழையுங்கள். வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் ஹீட் ஸ்ட்ரோக் வரும்.

நான் சலிக்காமல் சொல்லிவரும் ஒன்று பாக்கி. வெறும் தண்ணீரை மட்டும் வயிறு முட்டக் குடிப்பதும் ஆபத்துதான். கிராண்ட் கேன்யனில் நடந்து இறங்கியவர்கள் பலருக்கு, தண்ணீர் மிகுந்து ரத்தத்தில் சோடியம் குறைந்துபோனதை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதிலும் குழப்பம், வாந்தி, வலிப்பு வரும். தண்ணீரோடு உப்பும் போக வேண்டும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். அந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நம் தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்கிறது. ஊருக்கு வந்து திரும்பும்போது பத்துப் பாக்கெட்டைப் பெட்டியில் போடுங்கள். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய பாக்கெட் ஒன்றுக்குச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். ருசிக்காகக் கூடவோ குறையவோ கலக்காதீர்கள்.