உங்க பேர்ல நிலம், உங்க அக்கவுண்ட்ல 2,000 ரூபாய்: எடுத்துக்கலாமா?

பொங்கலுக்கு எங்க ஊர் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போயிருந்தேன். சென்னையில வேலை பாக்குற சித்தப்பா பையன் கேட்டான்: "அண்ணே, பிஎம் கிசான் பணம் எனக்கு வருது. தப்பில்லையே?"

2021-ல சித்தப்பா ஒன்றரை ஏக்கரை அவன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதி வச்சார். கம்ப்யூட்டர் சென்டர்ல யாரோ ஃபார்ம் போட்டுக் கொடுத்தாங்க. இதுவரை 9 தவணை, மொத்தம் 18,000 ரூபாய். மாசாமாசம் அவன் சம்பளத்துல டிடிஎஸ்ஸும் பிடிக்கிறாங்க.

பதில்: எடுத்துக்கக் கூடாது.

யாருக்குக் கிடையாது?

இந்தத் திட்டத்துல வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணையா வரும். நிலம் இருந்தா மட்டும் போதாது.

1. கடந்த மதிப்பீட்டு ஆண்டுல வருமான வரி கட்டியவருக்குக் கிடையாது. ரிட்டர்ன் போட்டீங்களான்னு விதி கேக்கல. வரி கட்டினீங்களான்னுதான் கேக்குது.
2. அரசு ஊழியர்களுக்குக் கிடையாது (கடைநிலை ஊழியர்களுக்கு விலக்கு உண்டு). பதிவு செஞ்சு தொழில் பண்ற டாக்டர், வக்கீல், என்ஜினீயர், ஆடிட்டருக்கும் கிடையாது. அதாவது, எனக்கும் கிடையாது!
3. 1-2-2019-க்கு அப்புறம் வாங்கின நிலத்துக்குக் கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசா வந்தா மட்டும் விலக்கு.

இங்க 'குடும்பம்'னா கணவன், மனைவி, 18 வயசுக்குட்பட்ட பிள்ளைகள். அதனால நீங்க வரி கட்டினாலும், அப்பா பேர்லயே நிலம் இருந்தா அவர் தகுதி போகாது. ஆனா மனைவி பேர்ல நிலம் இருந்து நீங்க வரி கட்டினா, அவங்களுக்குக் கிடையாது.

சித்தப்பா வீட்ல நடந்தது இதுதான்: எழுதிக் கொடுத்ததும் அவர் தகுதி போச்சு, பையனுக்கும் தகுதி வரல. செட்டில்மென்ட் எழுதுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை யாருமே போட்டுப் பாக்கல.

2020-ல நம்ம மாவட்டத்துல

"யாரு பாக்கப் போறா?"ன்னு நினைக்காதீங்க. 2020 ஆகஸ்ட்ல கடலூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம்னு பல மாவட்டங்கள்ல மோசடி வெளியே வந்துச்சு. அதிகாரிகளோட லாகின், பாஸ்வேர்டைப் பயன்படுத்தித் தகுதியில்லாதவங்களைச் சேர்த்திருந்தாங்க. சுமார் 5.5 லட்சம் பேர், 110 கோடி ரூபாய். சிபிசிஐடி விசாரிச்சது, அக்கவுண்ட்ல இருந்து பணத்தைத் திரும்ப எடுத்தாங்க.

லிஸ்ட் எல்லாருக்கும் தெரியும்

பிஎம் கிசான் தளத்துல 'பெனிஃபிஷியரி லிஸ்ட்' போங்க. மாநிலம், மாவட்டம், வட்டம், ஒன்றியம், கிராமம் தேர்வு பண்ணுங்க. லாகின் வேண்டாம், ஊர்ல யார் யார் வாங்குறாங்கன்னு தெரியும். மானியப் பயனாளிகள் விவரத்தை அரசு தானாவே வெளியிடணும்னு தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4 சொல்லுது.

ஐரோப்பாவுல இதுக்கே வழக்கு நடந்துச்சு. விவசாயிகள் பேரை மொத்தமா வெளியிடுறது அந்தரங்க உரிமையைப் பாதிக்குதுன்னு 2010-ல ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லுச்சு. அப்புறம் சின்னத் தொகை வாங்குறவங்க பேரை விட்டுட்டு, மத்தவங்க பேரை மறுபடி வெளியிட ஆரம்பிச்சாங்க. 2,000 ரூபாய் வாங்குற ஏழை விவசாயி பேரு ஊருக்கே தெரியணுமான்னு கேக்கலாம்தான். ஆனா போலிப் பேரைக் கண்டுபிடிக்க ஊர்க்காரங்களைவிட நல்ல ஆடிட்டர் கிடையாது.

இப்ப என்ன செய்யணும்?

• லிஸ்ட்ல உங்க பேர், வீட்டுக்காரங்க பேர் இருக்கான்னு பாருங்க.
• தகுதி இல்லாம வந்திருந்தா, அதே தளத்துல 'ரீஃபண்ட்' பகுதியில திருப்பிக் கட்டி, ரசீதை வச்சுக்கோங்க.
• இனிமே வராம இருக்க, திட்டத்துல இருந்து விலகுறதாப் பதிவு பண்ணுங்க.
• ஓடிபி, ஆதார் நம்பரை யார்கிட்டயும் கொடுத்துட்டு வராதீங்க. ஃபார்ம்ல என்ன எழுதினாலும் பொறுப்பு உங்களுதுதான்.

தம்பி அன்னைக்கு ராத்திரியே 18,000 கட்டிட்டான். சித்தப்பாவுக்குத்தான் மனசு ஆறல: "நான் உழுற நிலம்டா அது." உண்மைதான். ஆனா இந்தத் திட்டம் உழுறது யாருன்னு பாக்கல, பட்டா யார் பேர்லன்னுதான் பாக்குது.

உங்க வீட்டு நிலம் யார் பேர்ல இருக்கு? கமெண்ட்ல கேளுங்க, அடுத்த வீடியோல பதில் சொல்றேன்.